முன்னேற்றம் என்னும் துறைமுகம்

“அழுக்கடைந்த ஊர், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இறங்காமல் கப்பலிலேயே படுத்திருந்தால் காலாவது வலிக்காமல் இருந்திருக்கும்” என்றார் ஒருவர். “நான் கண்ட ஊர்களிலே அவ்வளவு அழகும் மலிவும் உடைய ஊர் வேறில்லை” என்றார் மற்றவர். இருவரும் ஒரே கப்பலில் சென்றவர்கள். ஒரே நாளில் ஒரே துறையில் இறங்கியவர்கள்.

இவர்கள் நம் வட்டாரத்துப் பெரியவர்கள். ஒருவர் பட்டணத்தில் கடை நடத்துபவர். மற்றவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவிலுள்ள தங்கள் மக்களைக் காணச் சென்றவிடத்தில், டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் துறையில் உல்லாசக் கப்பலேறி, மெக்ஸிகோ நாட்டின் யூக்கத்தான் கரையிலுள்ள புரோகிரெசோ என்னும் ஊரில் ஒரு பகல் இறங்கித் திரும்பியவர்கள். நம் வாசகசாலையில் ஒரு மாலை முழுவதும் இவ்விருவருக்கும் வழக்கு நடந்தது. கேட்டிருந்தவர்களும் இரு கட்சியாய்ப் பிரிந்தார்கள். முடிவில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: “ஐயா, அந்த ஊர் ஜனங்கள் யார்? அவர்கள் எதைக்கொண்டு ஜீவிக்கிறார்கள்?” தூற்றியவரிடமும் பதில் இல்லை; போற்றியவரிடமும் பதில் இல்லை. அந்த மௌனமே இக்கட்டுரைக்குக் காரணம்.

புரோகிரெசோ என்பது ஸ்பானியச் சொல். அதன் பொருள் யாதெனில், முன்னேற்றம் என்பதேயாகும். முன்னேற்றம் முன்னேற்றம் என்று மேடைதோறும் முழங்குகிற நமக்கு, அப்பெயருடைய ஓர் ஊரை எவ்வாறு பார்ப்பதென்று தெரியவில்லை என்றால், அது வெட்கப்படத்தக்க விஷயமன்றோ?

முதலில், கப்பல் அங்கே ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். ஊரின் அழகுக்காக மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். இந்த உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை அமெரிக்கர்களின் பணத்தால் ஓடினாலும், பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. வரியும் தொழிலாளர் சட்டமும் அங்கே இலேசு. ஆனால் 1886-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்றும் அமலில் உள்ளது. அயல்நாட்டுக் கொடியுடைய கப்பல், அமெரிக்கத் துறையில் பிரயாணிகளை ஏற்றிச் சுற்றிவந்து அதே துறையில் இறக்குவதானால், இடையில் அயல்நாட்டுத் துறை ஒன்றையேனும் தொட்டாக வேண்டும். எனவே, புரோகிரெசோவோ கோசுமெலோ ஏதேனும் ஒன்று வேண்டியே இருக்கிறது. பிரயாணியின் சீட்டில் அது உல்லாசத் துறை. முதலாளியின் கணக்கிலோ சட்டத்துக்காகக் குத்தவேண்டிய ஒரு முத்திரையுமாகும். இந்த ஏற்பாட்டின்கீழ் சில மணி நேரம் இறங்கிவிட்டு, “ஊர் எனக்குத் திருப்தி தரவில்லை” என்று தீர்ப்புக் கூறுவது என்ன நியாயம்?

நிற்க. தூற்றியவர் சொன்னதெல்லாம் பொய்யென்று நான் கூற வரவில்லை. அங்கே கடல் ஆழமற்றது; சுண்ணாம்புப் பாறைத் தளம் வெகுதூரம் வரை நீருக்கடியிற் பரந்து கிடக்கிறது. ஆகவே பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாது. அதற்காகவே சுமார் 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்துறை ஒன்றைக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்கள். அதன் கோடியிலே இறங்கி, பஸ் ஏறித்தான் ஊருக்குள் வரவேண்டும். வெயிலோ கடுமை. இறங்கியதும் தொப்பி விற்பவனும் சங்கிலி விற்பவனும் வழிமறிக்கிறார்கள். வண்டிக்காரன் கூவி அழைக்கிறான். வேண்டாமென்றாலும் விடுவதில்லை. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் அந்த வியாபாரி ஏன் அப்படித் துரத்துகிறான் என்று இவர் ஒரு கணமேனும் யோசித்தாரா? கப்பல் வரும் நாளில் ஊரில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். மாலையில் சங்கு ஊதியதும் ஒருவர் மீதமின்றி மறைகிறார்கள். கப்பல் இல்லாத நாளில் அவன் கடைக்கு ஈயும் வராது. அந்த ஆறேழு மணி நேரத்துக்குள் அவன் பல நாட்களுக்கான அரிசியைத் தேடியாக வேண்டும். தீபாவளிக்கு முதல்நாள் இரவு நம் பட்டணத்து வீதிகளில் கடை போடுகிறவர்கள் மெல்லிய குரலிலா பேசுகிறார்கள்? வயிறு கூவுவதை வாயின் குற்றமென்று சொல்லலாகுமா?

“பார்ப்பதற்கு ஒன்றுமில்லை” என்றாரே, அதுதான் பெரிய விந்தை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வானிலிருந்து ஒரு பெருங்கல் வந்து விழுந்து, பூமியின் உயிர்களிற் பெரும்பகுதியை அழித்தது என்றும், டைனசார் என்னும் பேருடற் பிராணிகள் ஒழிந்தது அதனாலேதான் என்றும் விஞ்ஞானிகள் கூறுகிறார்களே, அந்தக் கல் விழுந்த இடம் எதுவென்று அறிவீர்களா? புரோகிரெசோவை அடுத்த சிக்சுலூப் என்னும் கரையூரின் அருகில்தான் அதன் நடுமையம். ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அகலமுள்ள அப்பள்ளம் பாதி கடலிலும் பாதி தரையிலுமாகப் புதைந்து கிடக்கிறது. அதன்மீதே நின்றுகொண்டு இவர் ஒன்றுமில்லை என்கிறார்!

ஊரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சிறிது தூரம் சென்றால் ஜிபில்சால்தூன் என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அதைக் கட்டியவர்கள் மாயர்கள். சுன்னம் என்னும் எண்ணைத் தாமாகவே கண்டு, சிப்பியைப்போன்ற ஒரு குறியால் அதை எழுதிக் காட்டிய அறிவாளிகள் அவர்கள். அவர்களுடைய ஏடுகள் எங்கே என்று கேட்பீர்கள். 1562-ல் யூக்கத்தானிலுள்ள மானி என்னும் ஊரில், டியேகோ டெ லாண்டா என்ற பாதிரியார், அவை சைத்தானின் பொய்களென்று கூறித் தீயிலிட்டார். பிற்பாடு அவரையே அந்நாட்டுக்குப் பிஷப்பாகவும் ஆக்கினார்கள். இன்று உலகத்தில் எஞ்சியிருக்கும் மாயர் ஏடுகள் நான்கே. மதத்தின் பெயரால் அறிவைக் கொளுத்திய சரித்திரத்தைச் சொல்லும் மண்ணில் நின்று, “ஊரில் குப்பை கிடக்கிறது” என்பதை மட்டும் கண்டுவந்தவருக்கு நாம் என்ன சொல்ல!

இனி, போற்றியவரிடம் வருவோம். அவர் பஸ்ஸில் சுமார் 36 கிலோமீட்டர் சென்று மெரிடா என்னும் தலைநகரைப் பார்த்தார். மொந்தேஹோ வீதியின் மாளிகைகளைக் கண்டு சொக்கிப்போனார். திரும்பும்போது வலையூஞ்சல் ஒன்று வாங்கினார். “முப்பது வெள்ளி கேட்டாள், பன்னிரண்டுக்கு மடக்கிவிட்டேன்” என்று இங்கே வந்து வெற்றிக் கொடி நாட்டினார். தூற்றியவரைவிட இவரிடமே எனக்கு வழக்கு அதிகம்.

அந்த மாளிகைகள் எந்தப் பணத்தில் எழுந்தன? ஹெனக்கென் என்னும் நார்க்கற்றாழைப் பணத்தில். அமெரிக்கக் கோதுமை வயல்களில் அறுவடை இயந்திரங்கள் கதிர்க்கட்டுகளைக் கட்டுவதற்குக் கயிறு வேண்டியிருந்தது. அதற்கான நார் யூக்கத்தான் தோட்டங்களில் விளைந்து, இதே புரோகிரெசோ துறைவழியாகவே கப்பலேறிற்று. தோட்டங்களில் முள்ளிலையை அறுத்தவர்கள் மாயர்கள். வடக்கே சொனோராவிலிருந்து சர்வாதிகாரி போர்பிரியோ டியாஸின் ஆட்சியில் நாடுகடத்தப்பட்ட யாக்கி ஜனங்கள். இன்னும், 1905-ல் நாலு வருஷ ஒப்பந்தத்தின்பேரில் ஆசை வார்த்தை காட்டிக் கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள். ஆம், கொரியாவிலிருந்து கப்பலேறியவர்கள் இந்தத் துறைவழியாகத்தான் அந்தத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்த மறுவருஷம், 1910-ல், ஜப்பான் அவர்களுடைய நாட்டையே விழுங்கிவிட்டது. திரும்பிப் போவதற்குச் சொந்த நாடென்று ஒன்றில்லாமல் பலர் அங்கேயே தங்கினார்கள்.

தோட்டத்திலே ஒரு கடை உண்டு. அதற்கு ‘தியெண்டா டெ ராயா’ என்று பெயர். கூலி நாணயமாகக் கைக்கு வருவதில்லை. முதலாளி அடித்த வில்லையாகவோ சீட்டாகவோ வரும். அது அந்தக் கடையில் மட்டுமே செல்லும். விலை அவர்கள் வைத்ததே விலை. வாங்கிய கடன் தீராது. தீராத கடன் உள்ளவன் தோட்டத்தைவிட்டுப் போக முடியாது. தகப்பன் பற்று மகன் தலையில் ஏறும். தோட்டத்துக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கும், எழுதப்பட்ட கணக்கில் பெயராய் நின்ற குடும்பங்களிற் பிறந்த உங்களுக்கும், பற்று என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மெக்ஸிகோப் புரட்சியின்போது, 1914-ல் யூக்கத்தானில் இந்தக் கடனடிமைத்தனம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1917-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 123-ஆம் பிரிவு, கூலியைச் சீட்டாகவோ சாமானாகவோ கொடுக்கலாகாது, செல்லும் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று விதித்தது. 1937-ல் அதிபர் கார்டினாஸ் அத்தோட்டங்களிற் பெரும்பாகத்தைப் பிரித்து உழைப்பாளிகளுக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் செயற்கை நார் வந்து அத்தொழிலையே வீழ்த்திற்று. செயற்கை ரப்பர் வந்தபோது நம் பால்மரங்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அன்பர்களே, இவர் சொக்கிப்போன மாளிகையும் அவர் முகஞ்சுளித்த கூவல் வியாபாரியும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். ஒருவர் வரவை மட்டும் பார்த்து, ஆகா என்றார். மற்றவர் செலவை மட்டும் பார்த்து, சீ என்றார். கணக்கை முழுவதும் பார்த்தவர் ஒருவருமில்லை. பல நாள் உட்கார்ந்து பின்னிய வலையை அரை விலைக்கும் குறைவாக மடக்கியது சாமர்த்தியமா? அன்று கயிற்றுக்கு நார் கேட்டவனும் இப்படித்தானே மலிவு மலிவு என்றான்! தூற்றுதலும் போற்றுதலும் வேறுவேறாகத் தோன்றினாலும், இரண்டும் வாங்குகிறவனுடைய கண்ணிலிருந்து பிறந்தவையே. சரக்கு பிடித்தால் நல்ல ஊர். பிடிக்காவிட்டால் கெட்ட ஊர். ஊரென்பது சரக்கா?

இன்னொன்றும் கேளுங்கள். கப்பலில் வந்து போகிறவர்கள் வெகுகாலம் மெக்ஸிகோவுக்கு நுழைவுக் கட்டணம் செலுத்தாமல் விலக்குப் பெற்றிருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்நாட்டுச் சட்டசபை அந்த விலக்கை நீக்கி, தலைக்கு 42 அமெரிக்க வெள்ளி வாங்கத் தீர்மானித்தது. கப்பல் முதலாளிகள் பெருங்கூச்சலிட்டார்கள். பேரம் நடந்து, 2025 ஜூலை முதல் 5 வெள்ளியென்றும், படிப்படியாக உயர்ந்து 2028-ல் 21 வெள்ளியென்றும் முடிவாயிற்று. அந்தப் பணம் துறையூர் ஏழைகளுக்குப் போய்ச் சேருகிறதா என்று கேட்பது நியாயமே, கேட்கவும் வேண்டும். ஆனால் கப்பலில் ஒரு குவளை மதுவுக்கும் போதாத ஐந்து வெள்ளிக்கு அழுதவர்கள், ஊரின் வீதி அழுக்காயிருக்கிறதென்று குறை கூறுவதற்கு எந்த வாயைக்கொண்டு வருகிறார்கள்?

“நாங்கள் காசு கொடுத்து இன்பமாயிருக்கப் போகிறோம், சரித்திரப் பரீட்சை எழுதவா போகிறோம்?” என்று சிலர் கேட்பார்கள். நல்லது. இன்பமாயிருங்கள், கடலில் குளியுங்கள், நிழலில் உறங்குங்கள். அதை யார் தடுத்தார்? ஆனால் வீடு திரும்பி நாலு பேர் நடுவில் நின்று, “அந்த ஜனங்கள் சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள், அழுக்கர்கள்” என்று தீர்ப்புச் சொல்லும்போது, நீங்கள் இன்பம் தேடியவராக இல்லை, நீதிபதியாகிவிட்டீர்கள். நீதிபதியாகிறவன் விசாரித்தாக வேண்டும்.

இப்படி விசாரியாமல் தீர்ப்புக் கூறியவர்களை நாம் முன்னமே அறிவோம். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலின் தளத்தில், ஆட்டு மந்தைபோல் நெருங்கிப் படுத்து வந்தவர்கள் யார்? நம் பாட்டனும் பாட்டியும் அல்லவா? மேல்தட்டிலே கைப்பிடியைப் பற்றி நின்ற சீமான்கள் கீழே குனிந்து பார்த்து, அழுக்கு ஜனங்கள் என்றார்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்தபோதும் அப்படியே சொன்னார்கள். தோட்டத்துத் துரையும் லயத்து வாசலில் நின்று அதையே சொன்னார். அவர்களில் எவரும், இவர்கள் ஏன் இப்படி வந்தார்கள் என்று கேட்கவில்லை. இன்று உழைத்து, படித்து, நாலு காசு சேர்த்து, நாமும் மேல்தட்டில் ஏறி நிற்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் ஏறியவுடன் அந்தச் சீமானின் கண்ணையும் வாங்கி மாட்டிக்கொண்டோமானால், ஏறியது நாமல்ல, நம் சட்டைதான்.

இனிமேல் கப்பலேறுகிறவர்களுக்கு என் விண்ணப்பம் சிறியது. பாலத்துறைக் கோடியிலுள்ள கடைகளோடு நின்றுவிடாதீர்கள். ஊருக்குள் நடந்து செல்லுங்கள். பின்னினவள் கேட்ட விலை நியாயமாயிருந்தால் அதைக் கொடுங்கள். வேண்டாமென்றால் மரியாதையாக வேண்டாமென்று சொல்லுங்கள். மாளிகையைக் கண்டால், யார் உழைப்பு என்று கேளுங்கள். குப்பையைக் கண்டால், வரிப்பணம் எங்கே என்று கேளுங்கள். திரும்பி வந்து எங்களுக்கு விலையைச் சொல்லாதீர்கள். அம்மக்களின் வாழ்வைச் சொல்லுங்கள். வாசகசாலையில் அதைக் கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.