யூரியா மூட்டையும் அமராவதி வயலும்

திருப்பூர் என்றதும் பனியன்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே மாவட்டத்தில் கல்லாபுரம், குமரலிங்கம் போன்ற ஊர்களில் அமராவதி ஆற்று நீரால் நெல் விளைகிறது. அங்கே ஒவ்வொரு போகத்திலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா போடுவது?

பக்கத்து வயல் கரும்பச்சையாக இருந்தால் தன் வயலிலும் ஒரு மூட்டை கூடப் போட மனம் துடிக்கும். விலையும் தடுப்பதில்லை. 2010-ல் மற்ற உரங்களுக்குப் புதிய மானிய முறை வந்தது. அவற்றின் விலை ஏறியது. யூரியா மட்டும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலேயே நின்றது. 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவு. ஆகவே மணிச்சத்தும் சாம்பல் சத்தும் குறைய, தழைச்சத்து மட்டும் மிகுந்துவிடுகிறது.

ஊருக்கு ஊர் வேறு

தழைச்சத்தின் அளவு எங்கும் ஒன்றல்ல. குறுகிய கால ரகங்களுக்குக் காவிரி டெல்டாவிலும் கோவை வட்டாரத்திலும் ஹெக்டேருக்கு 150 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. மற்றப் பகுதிகளில் 120 கிலோ போதும்.

காரணம் என்ன? வெயில் நன்றாக அடித்தால் பயிர் தழைச்சத்தை நெல்மணியாக்கும். மழைக்கால மேகமூட்டத்தில் அதே சத்து வெறும் தழையாகப் போகும். களிமண் சத்தைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான நிலத்தில் அது நீரோடு கீழே இறங்கி, கிணற்று நீரில் கலக்கும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

ரகமும் முக்கியம். 1960-களில் வந்த ஆடுதுறை 27 போன்ற புதிய ரகங்கள் உரத்துக்கு நல்ல பலன் தந்தன. ஆனால் வெள்ளைப் பொன்னி அப்படியல்ல. அதற்கு ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்தே போதும். முழுவதையும் யூரியாவாகக் கணக்கிட்டாலும் ஏக்கருக்கு ஒன்றரை மூட்டைதான். மிஞ்சினால் பயிர் உயர்ந்து சாய்ந்துவிடும். குலைநோயும் புகையானும் தேடி வரும். உரத்துக்கும் செலவு, மருந்துக்கும் செலவு!

நொய்யல் கரையின் துன்பம் வேறு வகை. சாயக்கழிவால் உப்பேறிய நிலங்கள் அங்கே உண்டு. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. அத்தகைய நிலத்தில் பயிர் வெளுத்தால், சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவதில் பயனில்லை. முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதிக்க வேண்டும்.

அட்டை சொல்லும் அளவு

இதற்கு எளிய வழி இலை வண்ண அட்டை. நடவு செய்த 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, நன்கு விரிந்த மேல் இலையை அட்டையின் பச்சை நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நிறம் 4-க்குக் குறைந்தால் உரமிடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் குறைந்தால் போதும். குறையாவிட்டால் மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை.

நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்து மண்ணிலேயே சேரும். 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருவதும் சத்து மெதுவாகக் கரைவதற்காகவே.

மிச்சமாகும் ஒவ்வொரு மூட்டையும் உழவர் குடும்பத்துக்கு லாபம். வயல் எவ்வளவு பச்சை என்பதல்ல, களத்துக்கு எத்தனை மூட்டை நெல் வந்தது என்பதே கணக்கு.