துளிக்குள் ஒரு முடிவிலி

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிளியூர் அருவியையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலை இறங்குவார்கள். ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து கொட்டுகிறது. அந்தச் சாரலில் தெறிக்கும் பொடித் துளி ஒன்றைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட முழு உருண்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே இருக்கும். இதைத்தான் சமச்சீர் என்கிறார்கள்.

இப்படித் திருப்புவதில் என்ன கணக்கு இருக்கிறது? 19-ம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்தவர் நார்வே நாட்டின் சோஃபஸ் லீ. இம்மியளவு திருப்பங்களுக்கான அவருடைய கணக்குதான் இன்று ‘லீ இயற்கணிதம்’ எனப்படுகிறது.

திருப்பத்தை எண்களாலும் எழுதலாம். உருண்டையை ஒருமுறை திருப்புவதைக் குறிக்க, 3 வரிசை, 3 பத்தி கொண்ட அட்டவணை போதும். ஆனால், எல்லாச் சமச்சீரும் இப்படிக் கைக்கு அடங்குவதில்லை. ஐன்ஸ்டீனின் சார்பியலுக்கும் குவாண்டம் இயற்பியலுக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டுமென்றால், முடிவே இல்லாத வரிசைகள் கொண்ட அட்டவணை தேவை. இதை 1939-ல் இயற்பியலாளர் விக்னர் காட்டினார். எழுதி முடிக்கவே முடியாத அட்டவணையை எப்படிப் புரிந்துகொள்வது?

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். எம்.எஸ்.நரசிம்மன். 1932-ல் தண்டரை கிராமத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். லீயின் கணக்கை வளர்த்தெடுத்த மேதை எலீ கார்த்தானிடம் பாரீஸில் ஆய்வு செய்தவர் அவர். 1953-ல் நரசிம்மன் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அவர் பிடித்த வழி வடிவியல். அதை நம் வாசல் கோலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். உருண்டையின் மேல், ஒரு விதிக்குக் கட்டுப்பட்டுக் கோலம் போடுவதாக வைத்துக்கொள்வோம். விதியைப் பொறுத்து 1, 3, 5 என்று எண்ணிவிடக்கூடிய அடிப்படைக் கோலங்களே கிடைக்கும். உருண்டையைத் திருப்பினால் ஒரு கோலம் மற்றவற்றின் கலவையாக மாறும். எது எவ்வளவு கலக்கிறது என்பதுதான் அந்த அட்டவணை! மூடிய வடிவங்களுக்கு இந்த ரகசியத்தை 1950-களிலேயே போரெல், வேய், பாட் ஆகியோர் கண்டறிந்துவிட்டார்கள்.

இப்போது உருண்டைக்குப் பதில் ஒரு விசித்திரமான வட்டத் தட்டு. விளிம்பை நோக்கி நடக்க நடக்க, நம் காலடியும் சிறுத்துக்கொண்டே போகும். விளிம்பு வரவே வராது. இதில் விதிப்படி போடக்கூடிய கோலங்களுக்கு முடிவே இல்லை. ஆக, முடிவில்லாத அட்டவணைக்கு ஏற்ற இடம் இந்தத் தட்டுதான். பல பரிமாணங்களில் அமைந்த இத்தகைய ‘தட்டு’களை எடுத்துக்கொண்டு, போரெல், வேய், பாட் கண்டதற்கு இணையான தேற்றத்தை நரசிம்மனும் ஜப்பானியக் கணிதவியலாளர் ஒகமோட்டோவும் நிறுவினார்கள். 1970-ல் உலகின் முதல் வரிசைக் கணித இதழான ‘அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்’ அதை வெளியிட்டது.

இரண்டே ஆண்டுகளில், அதே டாடா நிலையத்திலிருந்து ஆர்.பார்த்தசாரதி இன்னொரு வழியைக் காட்டினார். எலக்ட்ரானுக்காக இயற்பியலாளர் டிராக் உருவாக்கிய சமன்பாட்டை வடிவங்களின் மேல் பொருத்தி, முடிவில்லாத அட்டவணைகளைக் கட்டினார். இயற்பியலில் எழுந்த கேள்விக்கு இயற்பியலே கருவியும் கொடுத்தது!

நரசிம்மனுக்கு பத்மபூஷண், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், மன்னர் ஃபைசல் பரிசு என்று மரியாதைகள் வந்து சேர்ந்தன. 2021 மே மாதம் பெங்களூருவில் காலமானார்.

அந்த அட்டவணையை எழுதி முடிக்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆனால், அது குடியிருக்கும் வடிவத்தைத் தெரிந்துகொள்ள ஓர் ஆயுள் போதும் என்று காட்டியது, தண்டரையில் பிறந்த பிள்ளை. அடுத்த முறை கிளியூர் சாரலில் நனையும்போது, கையில் விழும் துளியைக் குழந்தைகளிடம் காட்டி, ‘இதை எப்படித் திருப்பினாலும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். லீயின் கணக்கு தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான்.