பகடை முடிவு செய்யாத ஆட்டம்

சிறுவயதில் பாட்டியோடு பரமபதம் ஆடியிருக்கிறேன். ஏணி வந்தால் சிரிப்போம். பாம்பு கடித்தால் "விதி" என்போம். பருவநிலை மாற்றத்தையும் நம்மில் பலர் அப்படித்தான் பார்க்கிறோம். மழை கொட்டியது, மண் சரிந்தது, நாம் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கிவிடுகிறோம்.

கடந்த பள்ளி விடுமுறையில், திரிங்காப்பில் இடைநிலைப்பள்ளி மாணவர் நால்வரோடு வேறோர் ஆட்டம் ஆடிப் பார்த்தேன். அட்டையில் மலைச்சரிவு வரைந்தோம். நடுவில் ஓர் அணை. ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காய்கறி போட்டால் 2 பணச்சீட்டு கிடைக்கும். ஆனால் வண்டலாக ஒரு புளியங்கொட்டை அணையில் விழும். 20 கொட்டை சேர்ந்தால் நால்வருக்குமே தோல்வி.

ஆளுக்கொரு துண்டு வெட்டினார்கள். ஐந்தே சுற்றில் அணை நிரம்பிவிட்டது!

"ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டேன். காய்கறித் தோட்டத் தொழிலாளியின் மகள் சொன்னாள்: "நான் வெட்டாட்டியும் மத்தவங்க வெட்டுவாங்க சார். எனக்கு மட்டும் ஏன் நட்டம்?"

உலக மாநாடுகளில் நாடுகள் முன்வைக்கும் வாதமும் இதுதான்.

இது வெறும் கற்பனையன்று. தெலோம் ஆற்று நீர் சுரங்கம் வழியாகப் பெர்தாம் ஆற்றில் சேர்ந்து, ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. வெட்டிய சரிவுகளின் மண்ணும் கூடவே போகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையால் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். கனமழை இன்னும் கனக்கும் என்பதே இதன் பொருள்.

இரண்டாம் ஆட்டத்தில் மாணவர்கள் முதலில் பேசினார்கள். சுற்றுக்கு ஒருவர் மட்டும் வெட்டுவது, பணச்சீட்டைப் பங்கிடுவது என்று முடிவெடுத்தார்கள். பத்துச் சுற்று கடந்தும் அணை பாதிதான் நிரம்பியிருந்தது.

2023இல் வெளிவந்த 'டேபிரேக்' என்ற பலகை ஆட்டமும் இந்த வழியில்தான் செல்கிறது. ஆடுவோர் உலகின் வெவ்வேறு பகுதிகளாகப் பிரிந்தாலும், வென்றால் எல்லாரும் வெல்வர். தோற்றால் எல்லாரும் தோற்பர்.

ஆட்டம் மட்டும் மலையைக் காக்காது. ஆடி முடித்தபின் நடக்கும் பேச்சில்தான் பாடம் இருக்கிறது. மாணவர்களே, உங்கள் ஊர் ஆற்றையும் மலையையும் வைத்து நீங்களே ஓர் ஆட்டம் அமையுங்கள். ஓர் அட்டையும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் போதும். விதிகளை மட்டும் கூடிப் பேசி எழுதுங்கள்.