பேனல் போய் ஸ்கிரீன் வந்தாச்சு... எதை இழக்கிறோம்?

மேட்டூர் அனல் மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கிய 1987 வாக்கில், கன்ட்ரோல் ரூம் என்றால் சுவர் முழுக்க பேனல்தான். ஒவ்வொரு கோளாறுக்கும் தனி விளக்கு, தனி இடம். எந்த இடத்தில் எரியுதுன்னு பார்த்தாலே ஆபரேட்டருக்கு விஷயம் புரிஞ்சிடும். புது விளக்கு வேணும்னா வயர் இழுக்கணும். அதனால் அவசியமானதை மட்டுமே வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் அலாரம் சேர்க்க செலவே இல்லை. விளைவு? 1994-ல் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களில், இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களைச் சமாளிக்க வேண்டியிருந்தது. 26 பேருக்குக் காயம்.

சேலம், நாமக்கல் ஆலைகள் பேனலைக் கழற்றும் முன், எந்தெந்த விளக்கு எப்போதும் கண்ணில் படணும்னு ஷிப்ட் ஆபரேட்டர்களிடம் கேட்க வேண்டும். அந்தப் பட்டியல் டெண்டரிலேயே இடம்பெற வேண்டும்.