நில் ரிப்போர்ட்

"இந்த மாதம் எங்கள் பகுதியில் தட்டம்மை ஒன்றுகூட இல்லை" என்று ஓர் அதிகாரி மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள். நான் கைதட்ட மாட்டேன். "எத்தனை வீட்டில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள், ஐயா?" என்றுதான் கேட்பேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் காகிதம் புரட்டியவன் நான். நோய் இல்லாததால் ‘இல்லை’ என்று எழுதுவதும், போய்ப் பார்க்காததால் ‘இல்லை’ என்று எழுதுவதும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அந்தச் சொல் ‘நேஆன்’. சூன்யம் என்று பொருள். படிவத்தில் எழுத ஒன்றும் இல்லாத கட்டத்தில் அதைத்தான் போடுவார்கள். சார்த்ர் அந்தச் சூன்யத்தைப் பற்றித் தடிமனான தத்துவப் புத்தகமே எழுதினார். பிறகு ஆங்கில நடைமுறை வந்தது, ‘நேஆன்’ போய் ‘நில்’ வந்தது. தமிழில் படித்தால் ‘நில்’ ஒரு கட்டளை. நம் அலுவலகங்களிலோ அதை எழுதிவிட்டு யாரும் நிற்பதில்லை, அடுத்த ஃபைலுக்குப் போய்விடுகிறார்கள்.

போலியோவை எப்படி ஒழித்தோம் என்று கேட்டால் எல்லோரும் சொட்டு மருந்து என்பார்கள். சரிதான். 1995-இல் தொடங்கிய பல்ஸ் போலியோவுக்குப் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் நம்மில் பலர். ஆனால் அது பாதி வேலை. மறுபாதி, 1997-இல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம். அதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

அதன் விதி எளிமையானது. 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் துவண்டால், காரணம் எதுவானாலும் உடனே தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு கேசும் வராத வாரத்திலும் ஆஸ்பத்திரி ‘இல்லை’ என்று அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். போலியோவே இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் சில குழந்தைகளுக்குக் கை கால் துவளத்தான் செய்யும். லட்சம் குழந்தைக்கு வருடத்தில் குறைந்தது ஒன்றாவது கண்ணில் பட வேண்டும் என்பது உலகக் கணக்கு. இந்தியா இரண்டு வேண்டும் என்று வைத்துக்கொண்டது. அந்த எண்ணிக்கை வராத மாவட்டத்தை யாரும் பாராட்டவில்லை. ஏன் வரவில்லை, யார் தேடவில்லை என்று கேட்டார்கள். ‘நில்’ எழுதினால் தப்பிக்க முடியாத ஓர் அரசுத் திட்டத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

பலன் என்ன? 2009-இல் இந்தியாவில் 741 போலியோ கேஸ். 2010-இல் 42. 2011-இல் ஒன்றே ஒன்று, ஜனவரி 13 அன்று ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு. அந்த ஒரே வருடத்தில் நாடு முழுவதும் கை கால் துவண்டதாக அறிக்கையில் வந்த குழந்தைகள் 50,000-க்கும் மேல். அத்தனை பேரையும் பார்த்த பிறகு சொன்ன ‘ஒன்று’ அது. அதற்குப் பின் மூன்று வருடம் இதே போல் தேடிய பிறகுதான், 2014 மார்ச் 27-இல் சான்றிதழ் கிடைத்தது.

பெரியம்மைக் காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நோய் வந்ததாகச் சொன்ன ஊழியரையே தண்டிக்கும் வழக்கம் அப்போது பல இடங்களில் இருந்தது. அதனால் மறைத்தார்கள். 1973-இல் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீடு வீடாகத் தேடிய முதல் சுற்றிலேயே, கணக்கில் வராத ஆயிரக்கணக்கான கேசுகள் வெளியே வந்தன. பிறகு அரசு வழியை மாற்றியது. பெரியம்மை கண்ட ஒருவரைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்று அறிவித்தது. நோய் குறையக் குறையப் பரிசு ஏறி, 1975-இல் 1,000 ரூபாய் ஆனது. கெட்ட செய்தி கொண்டுவந்தவனுக்கு சர்க்கார் பணம் கொடுத்தது! 1977-இல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடு ஆனது.

இந்தப் பாடத்தைத்தான் நாம் மறந்துகொண்டிருக்கிறோம். என் வேலைக்காலத்தில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு கிராம நர்ஸ் ஒரே வாரத்தில் ஒன்பது தட்டம்மை என்று எழுதி அனுப்பினார். அதற்கு முந்தைய வாரம் இரண்டு. பாராட்டுக் கடிதம் போகும் என்று நினைத்தேன். "ஏன் ஏறியது, விளக்கம் தருக" என்று மெமோ போனது. அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கிராமத்துக்கு ‘நில்’. தட்டம்மைக்கு மெமோ படிக்கத் தெரியாதே.

"உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்பார்கள். நான் கண்டவரை பீதி வருவது செய்தியால் அல்ல, செய்தி இல்லாத இடத்தில் புகும் வதந்தியால். 2017 பிப்ரவரியில் நம் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன உலவின என்று நினைத்துப் பாருங்கள்.

"அம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள், வெளியே சொல்லக் கூடாது" என்பவர்களும் உண்டு. வேப்பிலை கட்டுங்கள், கூழ் ஊற்றுங்கள், நான் தடுக்கவில்லை. நர்ஸிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மணல்வாரி கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு வேளை வைட்டமின் ஏ கொடுத்தால் கண்ணும் உயிரும் காக்கப்படும். மறைத்தால் அதுவும் கிடைக்காது.

"கிளினிக்கில் கூட்டம், படிவம் எழுத நேரம் இல்லை" என்கிறார்கள் தனியார் டாக்டர்கள். தட்டம்மை கண்டவர் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றும். இன்று டாக்டர் சொன்னால்தான் நாளை ரத்த மாதிரி எடுத்து, அந்தத் தெருவில் ஊசி போடாத பிள்ளைகளைத் தேட முடியும். ஒரு வாரம் தள்ளினால் அடுத்த சுற்றுக்கு நோய் தயாராகிவிடும். 2022 கடைசியில் மும்பை கோவண்டியில் குழந்தைகள் செத்தது ஏதோ பழங்கதை அல்ல.

அரசுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். நோயைக் கண்டுபிடித்துச் சொன்ன ஊழியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். வாரம் தவறாமல் ‘நில்’ அனுப்புகிறவரிடம் கேளுங்கள்.

நம்மைப் போன்ற பெரியவர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால், அல்லது திடீரென்று ஒரு காலை இழுத்து நடந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். "சாதாரணம்தான் தாத்தா" என்று மருமகள் சொல்லுவாள். சாதாரணமாகவே இருக்கட்டும். பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதட்டும். அந்த ‘இல்லை’க்குத்தான் மதிப்பு.