பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு ஆலைகளில் கார் உதிரிபாகங்கள் தயாராகின்றன. ஆனால், அதே அம்பத்தூரில் கார் வைத்திருப்பவர் ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமானால், பல நேரங்களில் கார் நிறுவனத்தின் முத்திரை பதித்த பெட்டியில், அந்த நிறுவனம் வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இது நியாயமல்ல.

வடிவமைப்பும் செலவை ஏற்றுகிறது. முன்பு ஹெட்லைட் எரியாவிட்டால் பல்பை மாற்றினால் போதும். இன்று பல கார்களின் எல்இடி விளக்கு பிரிக்க முடியாத ஒரே தொகுப்பு. உள்ளே சிறு கோளாறு என்றாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். சில கார்களில் பல்பு மாற்றவே பம்பரைக் கழற்ற வேண்டும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சில பழுதுகளை நிறுவனத்தின் ஸ்கேனரும் மென்பொருளும் இல்லாமல் சரிசெய்ய முடியாது. இருபது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கும் கைகட்டி நிற்கிறார்.

பாகங்களையும் கருவிகளையும் நிறுவனங்கள் தங்கள் பிடியிலேயே வைத்திருப்பதை இந்திய போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே கண்டித்தது. 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும், பாகங்களைத் தயாரிப்பவர்கள் பொதுச் சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது, வெளியில் பழுதுபார்த்ததற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன.

2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. வாகனங்களும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்புத் தகவல்களுக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தருவது நல்லதுதான். ஆனால், தகவல் தர மறுக்கும் நிறுவனத்தை இணையதளம் கட்டுப்படுத்தாது.

பிரேக், ஏர்பேக் போன்றவற்றில் யார் வேண்டுமானாலும் கைவைத்தால் ஆபத்து என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குத் தீர்வு, மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும், கதவடைப்பு அல்ல. ஆபத்தான போலி பாகங்களுக்கும், அசல் பாகம் எட்டாத விலையில் இருக்கும்போதுதான் சந்தை உருவாகிறது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே வாகனப் பழுதுபார்ப்பு உரிமையைச் சட்டமாக்கிவிட்டது.

வாகனங்களுக்கான பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை மத்திய அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது. உதிரிபாக விலைப்பட்டியலை வெளியிடுவதும், ஸ்கேனர் மென்பொருளை நியாயமான கட்டணத்தில் வழங்குவதும் அதில் கட்டாயமாக வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும். காரைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு, அதை எங்கே பழுதுபார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் உண்டு.