கல்வெட்டுக்கு மாலை! தொழிலாளிக்கு இருட்டு!

உத்திரமேரூர் என்றதும் பெரிய மனிதர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்து விடுகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே கி.பி. 919லும் 921லும் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டி வைத்த குடவோலைச் சட்டம் அல்லவா இருக்கிறது! 2020 டிசம்பர் 10ந் தேதி டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடிகூட இந்தக் கல்வெட்டை எடுத்துச் சொல்லி, ஜனநாயகம் இந்த மண்ணில் என்றோ பிறந்துவிட்டது என்று பெருமைப்பட்டுக் கொண்டார்.

நல்லது. மாலை போட்டுவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். நாம் கல்வெட்டைப் படித்துப் பார்ப்போம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது? ஊரை முப்பது குடும்புகளாகப் பிரிக்க வேண்டும். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். இளையவர் முதியவர் எல்லாரும் அடங்கிய மகாசபை கூட வேண்டும். குடத்தை அனைவரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தர வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கேயுள்ள நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகக் கூடாது.

விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? மூடிய கைக்குள்தான் களவு இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தோழர்களே, குடத்துக்குள் போன பெயர்கள் யாருடையவை? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. நாற்று நட்ட பெண்ணின் பெயர் போகவில்லை. தெருவைக் கூட்டியவன் பெயரும் போகவில்லை. நிலக்காரர்கள் தங்களுக்குள்ளே ஒருவரையொருவர் ஏமாற்றாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அவர்கள் கை விரிந்திருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.

ஆயிரத்து நூறு வருஷம் போய்விட்டது. இன்று வயது வந்த அனைவருக்கும் ஓட்டு இருக்கிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று சபைகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சபைகளுக்காக விடியற்காலையில் எழுந்து தெருவைக் கூட்டுகிற தொழிலாளிக்கு, தன்னைப் பற்றிச் சபையில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தெரிகிறதா? அடுத்த மாதம் தனக்கு வேலை இருக்கிறதா, எஜமானன் யார் என்று யாராவது சொல்கிறார்களா?

ரிப்பன் மாளிகை வாசலில்

2025ஆம் வருஷத்தில் சென்னையில் நடந்ததைப் பாருங்கள்.

சென்னை மாநகராட்சியில் பதினைந்து மண்டலங்கள். பெரும்பாலான மண்டலங்களில் குப்பை வேலை முன்பே தனியார் கம்பெனிகளிடம் போய்விட்டது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் சுமார் 2,000 பேர் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் கீழ் மாநகராட்சிக்காக நேரடியாக வேலை செய்து வந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். அதிலும் பெண்கள் அதிகம். கொரோனா காலத்தில் ஊர் முழுவதும் கதவடைத்துக் கொண்டபோது தெருவில் நின்ற தொழிலாளர்கள் இவர்கள். வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டு வந்தவர்கள்.

ஜூன் 16ந் தேதி, இந்த இரண்டு மண்டலங்களையும் தனியார் கம்பெனிக்குக் கொடுக்க மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் தொழிலாளியின் தலைக்கு மேலே போயிற்று. ஜூலை 31டன் பழைய ஏற்பாடு முடிந்தது. வேலை வேண்டுமானால் கம்பெனியில் சேர்ந்துகொள் என்றார்கள். மாதம் ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியவருக்கு ஏறக்குறைய 17,000 ரூபாய் என்று பேச்சு. கல்யாணப் பந்தலில் தாலி கட்டும் நேரத்தில்தான் மாப்பிள்ளைக்குச் சேதி போயிற்று என்பார்களே, அந்தக் கதைதான்!

ஆகஸ்ட் 1ந் தேதி முதல் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் 13 நாள். 13ந் தேதி உயர் நீதிமன்றம் இடத்தைக் காலி செய்ய உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே போலீஸ் வந்து அத்தனை பேரையும் வேனில் ஏற்றியது. 14ந் தேதி தமிழக அமைச்சரவை கூடி, காலை உணவு உள்ளிட்ட ஆறு நலத் திட்டங்களை அறிவித்தது. 20ந் தேதி உயர் நீதிமன்றம் தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்றது.

காலைப் பலகாரம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பசிக்கிற வயிற்றுக்குச் சோறு நல்லதுதான். ஆனால் தொழிலாளி கேட்டது இட்லியை அல்ல, வேலையை! ஒரு முன்வார்த்தை சொல்லி, எதிரே உட்கார வைத்துப் பேசியிருந்தால் 13 நாள் பெண்கள் நடைபாதையில் படுக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் வேன் வர வேண்டியதுமில்லை. சமூக நீதி பேசுகிற கட்சி ஆண்ட மாநகராட்சியிலேயே இந்தக் கதி என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவர்கள் சொல்லும் நொண்டிச் சமாதானம்

"நிர்வாக விஷயம் தொழிலாளிக்கு எதற்கு?" என்பார்கள். ஐயா, டெண்டர் யாருக்கு என்பது உங்களுக்கு நிர்வாக விஷயம். எங்களுக்கு அது வீட்டு அடுப்பு விஷயம். காண்ட்ராக்டர் மாறுகிறான். பழைய காண்ட்ராக்டர் பிடித்த பிராவிடண்டு பண்டு கட்டப்பட்டதா? எந்த எண்ணில்? ஈ.எஸ்.ஐ. அட்டை செல்லுமா? கேட்டால் மேஸ்திரி சூப்பர்வைசரைக் காட்டுவார். சூப்பர்வைசர் ஆபீஸைக் காட்டுவார். ஆபீஸ் காண்ட்ராக்டரைக் காட்டும். காண்ட்ராக்டரோ போர்டைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பான்.

"எல்லாம் இணையதளத்தில் போட்டிருக்கிறோமே!" என்பார்கள். எந்த மொழியில்? எத்தனையாவது பக்கத்தில்? துடைப்பத்தோடு தெருவில் நிற்கிற அம்மா எப்போது அதைத் தேடுவார்? 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நான்காவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: முக்கியமான கொள்கை வகுக்கும்போதும், மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போதும் அதற்குரிய விவரம் அனைத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். பாதிக்கப்படுகிறவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வட்டார மொழியைக் கவனித்து வெளியிட வேண்டும். வெளியிடும் வழிகளில் அறிவிப்புப் பலகையையும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஒரு பலகை, ஒரு சாக்பீஸ்! அதற்குக்கூடக் கஜானாவில் பணம் இல்லையா?

"முனிசிபாலிடி ஒரு தொழிற்சாலையா? தொழிலாளர் சட்டம் இங்கே எப்படிச் செல்லும்?" என்று முன்னே ஒரு வாதம் செய்தார்கள். அந்த வாதத்தின் முதுகெலும்பு முறிந்து வெகுநாளாயிற்று. வங்காளத்தில் பட்ஜ் பட்ஜ் முனிசிபாலிடி தன் தலைமைக் குமாஸ்தாவையும் சானிடரி இன்ஸ்பெக்டரையும் வேலை நீக்கம் செய்த வழக்கில், முனிசிபாலிடியின் தகராறும் தொழில் தகராறுதான் என்று 1953லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 1960ல் நாகபுரி மாநகராட்சி வழக்கில் துப்புரவு இலாகா உட்படப் பல இலாகாக்களைத் தொழில் என்றே தீர்ப்பளித்தது. வேலை நிலைமையை மாற்றுவதானால் தொழிலாளிக்கு 21 நாள் முன்னறிவிப்பு என்ற விதி 1947ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21ல் அதன் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. தொழிலாளி வீட்டில் இருட்டுதான் இருக்கிறது.

சேதி உயிர் சம்பந்தப்பட்டது

வேலை போவது மட்டுமல்ல, உயிர் போவதும் சேதி இல்லாததால்தான். மழைக்காலம் வருமுன் கால்வாய் தூர்வார வேண்டும் என்பது வருஷா வருஷம் தெரிந்த விஷயம். திருவிழா தேதி பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அப்படியும் "நாளைக்கு எல்லாரும் விடியற்காலை வா" என்று முந்தின இரவு சொல்கிறார்கள். கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை, கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டா இல்லையா என்ற பேச்சும் இல்லை.

பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. "இறங்க மாட்டேன்" என்று சொல்வது தன் உரிமை என்று தெரிந்த தொழிலாளி இறங்க மாட்டான். தெரியாதவனைத்தான் கயிறு கட்டி இறக்குகிறார்கள். ஆகவே அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டாதவன், அறியாமல் இறங்கிச் சாகிற ஒவ்வொரு சாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்!

மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன?

"இது குப்பைக்காரர் சங்கதி, நமக்கென்ன?" என்று ஒரு மில் தொழிலாளி நினைத்தால் முதலாளி சிரிப்பான்.

மில் வாசலில், பெரும்பாலான தொழிலாளிக்குப் புரிகிற மொழியில், வேலை விதிகளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 1946ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டம் சொல்லிற்று. அது மத்தியச் சட்டத்தில் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலைக்கு இருந்த கட்டாயம். 2020 செப்டம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அதை முந்நூறாக்கி விட்டது. பலகை கீழே இறங்கிற்று! அதே சட்டம், வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமானால் எந்தத் தொழிலானாலும் தொழிலாளி 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. தொழிலாளி வாயைத் திறக்க நோட்டீஸ் வேண்டும். முதலாளி விதியை எழுதிக் காட்டப் பலகை வேண்டாம்! இந்தச் சட்டத்தை நிறைவேற்றி மூன்று மாதம் ஆவதற்குள்தான் உத்திரமேரூர்க் கல்வெட்டின் புகழ் பாடினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

விவசாயக் கூலிகளின் கதை என்ன? நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் வைக்கும் மசோதாவை 2025 டிசம்பர் 16ந் தேதி கொண்டு வந்தார்கள். 18ந் தேதி மக்களவை. அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவை. மூன்றே நாள்! மண் சுமந்த எந்தப் பெண்ணிடம் கேட்டார்கள்? அதற்கு முந்தின மாதம்தான் தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்து, தனிமனிதர் விவரம் என்ற பெயரில் தகவலை மறுக்க வழியை அகலமாக்கினார்கள். நாளைக்கு மஸ்டர் ரோலைக் காட்டு என்றால், "அது தனிமனிதர் விவரம்" என்று சொல்லிவிடலாம் அல்லவா!

ஆனால் அந்தத் தகவல் உரிமைச் சட்டம் டில்லிக்காரர்கள் மனமிரங்கிக் கொடுத்த பிச்சையா? இல்லை. ராஜஸ்தானத்துக் கூலி விவசாயிகள், மஸ்டர் ரோலில் எங்கள் பெயருக்கு எவ்வளவு எழுதினாய், காட்டு என்று ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தினார்கள். 1996ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் கேட்டு வாங்கிய சட்டம் அது! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சாதித்ததை நாம் சாதிக்க முடியாதா?

என்ன கேட்போம்?

தொழிலாளர்கள் காலையில் வருகைப் பதிவு செய்கிற ஒவ்வொரு இடத்திலும் தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை வேண்டும். மன்றக் கூட்டத்தில் தொழிலாளரைப் பற்றிய பொருள் எதுவும் இருந்தால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அதில் எழுத வேண்டும். தீர்மானம் போட்ட மறுநாள் தீர்மானத்தையும் எழுத வேண்டும்.

காண்ட்ராக்டர் பெயர், டெண்டர் எந்தத் தேதி வரை, தினக் கூலி எவ்வளவு, பிராவிடண்டு பண்டும் ஈ.எஸ்.ஐ.யும் எந்த மாதம் வரை கட்டியாயிற்று என்பதை அதே பலகையில் போட வேண்டும்.

மாதம் ஒரு முறை செயல் அலுவலரோ கமிஷனரோ சங்கப் பிரதிநிதிகளை உட்கார வைத்துப் பேச வேண்டும். பேசியதை எழுதிக் கையெழுத்திட்டுப் பிரதி தர வேண்டும். மழைக்கால வேலை, திருவிழா வேலை எல்லாவற்றுக்கும் பட்டியலும் பாதுகாப்புச் சாமானும் முன்கூட்டி வர வேண்டும்.

தொழிலாளிகளின் சம்மதமில்லாமல் ஒரு வார்டும் தனியார் கைக்குப் போகக் கூடாது.

இதைத் துப்புரவுத் தொழிலாளர் மட்டும் கேட்டால் போதாது. கிராமத்துத் தோழர்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. போய் உட்காருங்கள். தூய்மைக் காவலருக்கும் தண்ணீர்த் தொட்டி இயக்குபவருக்கும் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று எழுந்து கேளுங்கள். பேரூராட்சியிலும் நகரத்திலும் இருக்கிற மில் தோழர்களே! பகுதி சபை கூடுகிற நாளில் உங்கள் தெருவைக் கூட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்று குடத்துக்குள் நம் பெயர் இல்லை. இன்று ஓட்டுப் பட்டியலில் இருக்கிறது. நம் ஓட்டில் உட்கார்ந்தவர்கள் கையை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த விரல்களை விரிக்க வைக்க வேண்டும். தனியாளாகக் கேட்டால் விரியாது; சங்கமாகச் சேர்ந்து கேட்டால் விரிந்தே தீரும்!